வலது மார்பில் போட்ட ஊசி

மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், மாணிக்கத்தின் மனைவி சரசுவுக்குப் பால் கட்டிக்கொண்டது, ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள் என்றுதான் சொல்வார்கள். அந்தச் சரசு நான்தான். அது பொய். அந்தப் பொய்யைக் கிளப்பிவிட்டது என் மாமியார். நல்ல எண்ணத்தில்தான் கிளப்பிவிட்டார், நானும் இதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் இப்போது தெரிந்த பெண்கள் சிலர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, சிங்கப்பூரில் மார்புக்கு ஊசி போடுகிறார்களாமே, போட்டால் எடுப்பாக வருமாமே, நீ அங்கே இருந்தவளாயிற்றே, உனக்குத் தெரிந்திருக்குமே என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

கேட்கிறவர்களைத் திட்டப் போவதில்லை. செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன், என்னைப் பார்த்துத் திருந்துங்கள் என்று கண்ணைக் கசக்கவும் வரவில்லை. அப்படிப்பட்ட கதையை வேறு யாராவது எழுதட்டும். எனக்கு அது வேண்டியிருந்தது, போட்டுக்கொண்டேன், சந்தோஷமாகவும் இருந்தேன். பிறகு வந்தது வேறு.

நான் பிறந்தது புக்கிட் ரம்பாய் பக்கம், ரப்பர் தோட்டத்தில். கைக்குழந்தையாக இருந்தபோது வலது மார்பில் பெரிய சீழ்க்கட்டி வந்து, தோட்டத்து டிரெஸ்ஸர் கீறிவிட்டாராம். அப்போது தோட்டத்தில் டாக்டர் ஏது, ஊசி போடுவதும் கட்டுப் போடுவதும் டிரெஸ்ஸர்தான். கட்டி ஆறியது, நானும் பிழைத்தேன். வயசுக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. இடது பக்கம் எல்லாப் பெண்களுக்கும் போல் வளர்ந்தது, வலது பக்கம் வளரவே இல்லை. ஒரு தழும்பு, சின்னதாக ஒரு காம்பு, அவ்வளவுதான். அம்மா ரவிக்கைக்குள் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தாள். வேர்த்தால் பஞ்சு கனக்கும். ஓடினால் இடம் மாறும். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் என்றால் எனக்கு உடனே வயிற்றுவலி வந்துவிடும்.

நாடு சுதந்திரம் வாங்கிச் சில வருஷங்கள் கழித்து, சிங்கப்பூரில் அக்கா வீட்டில் தங்கி ஒரு தையற்கடையில் வேலை பார்த்தேன். கடைக்கு மேல்மாடியில் ஓர் அழகு நிலையம் இருந்தது. அதை நடத்தியவள் ஹாங்காங்கில் தொழில் பழகியவள் என்று சொல்லிக்கொண்டாள். ஜப்பானிலிருந்து வந்த மருந்தாம். தண்ணீர் மாதிரி உள்ளே போகுமாம், சதை மாதிரி தங்கிவிடுமாம். நாள் முழுக்க மற்றப் பெண்களின் மார்பளவு எடுத்து ரவிக்கை வெட்டுகிறவளிடம் போய் இதைச் சொன்னால் என்ன ஆகும்? போனேன். சில வாரம் விட்டு விட்டு ஊசி போட்டாள். வீக்கம் வடிந்த பிறகு எனக்கு நானே ஒரு ரவிக்கை தைத்தேன், பஞ்சு இல்லாமல். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று அழுதேன். மகிழ்ச்சியில் அழுதேன் என்பதை இன்றைக்கும் கூச்சமில்லாமல் சொல்வேன்.

அதற்குப் பிறகுதான் கல்யாணம். என் கணவர் மாணிக்கம் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு புடவைக் கடையில் விற்பனையாளர். வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகப் புடவையைத் தன் இடுப்பிலேயே கொசுவி, தோளில் முந்தானை விட்டு, இப்படியும் அப்படியும் நடப்பார். கடையில் அத்தனை பேச்சு பேசுகிற மனிதருக்கு வீட்டுக்கு வந்தால் வாயில் கொழுக்கட்டை. அவருடைய அப்பா தமிழர், முன்பே காலமாகிவிட்டார். அம்மா மலாக்காச் செட்டி. செட்டி என்றதும் வட்டிக்கடைச் செட்டியார் என்று நினைத்துவிடாதீர்கள். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்டவர்கள் இவர்கள். கோயிலும் விபூதியும் நம்முடையது, பேச்சும் கெபாயாச் சட்டையும் மலாய்க்காரருடையது. மாமிக்குத் தமிழ் என்றால் சாமி பெயர்களோடு சரி. அவரோடு நான் மலாயில்தான் பேசுவேன். இங்கே அவர் பேச்சைத் தமிழாக்கி எழுதுகிறேன்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மருமகளின் உடம்பைப் பற்றி வெளியாள் என்ன கேட்டாலும் பதில் சொல்வது மாமியார்தான். நான் பக்கத்திலேயே நிற்பேன், வந்தவர்கள் மாமியைப் பார்த்து, "எத்தனை மாசம்? வாந்தி நின்னுச்சா?" என்று கேட்பார்கள். மாமியும், "நின்னுச்சு, இப்ப புளிப்புதான் கேக்குறா" என்பார். நான் புளிப்புக் கேட்டதே இல்லை. ஊடே பேசினால் மரியாதை இல்லை. முதலில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது, பிறகு வசதியாகவும் இருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. பத்தியம் தொடங்கியது. மலாய்க்காரரிடம் உள்ள துங்கு வைத்தியம் செட்டிகளிடமும் உண்டு. ஒரு வழவழப்பான கல்லை அடுப்பில் சூடாக்கி, இலையில் சுற்றி, அதன்மேல் துணி சுற்றி, பிள்ளை பெற்றவளின் வயிற்றிலும் இடுப்பிலும் வைத்து ஒற்றுவார்கள். அந்தச் சூடு சுகமாகத்தான் இருந்தது. மாமிக்கு அதில் நல்ல கை.

குழந்தைக்கு இடது பக்கம் பால் வந்தது. வலது பக்கம் வாய் வைத்தால் குழந்தை முகம் சிவந்து கத்தும். நாளாக ஆக அந்தப் பக்கம் கொட்டைப்பாக்கு மாதிரி ஒரு கட்டி தட்டுப்பட்டது. "பால் கட்டிக்கிச்சு. சூடு வெச்சா எளகிடும்," என்றார் மாமி. கல் மார்புக்கு வந்தது. காலையும் மாலையும் வைத்தார், எண்ணெய் போட்டுப் பிசைந்தார். கட்டி இளகவில்லை, பெரிதானது. தோல் சிவந்தது. ஓரிடத்தில் உள்ளே இழுத்துக்கொண்டு சிறு குழி விழுந்தது. அக்குளில் நெறி கட்டியது. ஊசி மருந்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமோ என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. சதை மாதிரி தங்கிவிடும் என்று அவள் சொன்னாளே என்று அந்த நினைப்பைத் தள்ளிவிட்டேன்.

கடைசியில் மாணிக்கம்தான் ஆஸ்பத்திரி என்றார். பெச்சா என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் நானும் மாமியும் குழந்தையும் போனோம். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. நீண்ட பெஞ்சுகள், டெட்டால் வாடை, ஒன்று அழுதால் கூடவே அழுகிற குழந்தைகள். காத்திருந்த நேரம் முழுக்க மாமி வெள்ளைக்கார டாக்டர் ஊருக்குப் போய்விட்டதற்காக வருத்தப்பட்டார். சுதந்திரம் வந்தது நல்லதுதான், டாக்டரை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்பது அவர் கட்சி. உள்ளே இருந்தவர் இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய ஒரு சீனர். பார்த்தால் பையன் மாதிரி இருந்தார். அவருக்கு இங்கிலீஷ்தான் சரளமாக வரும். நடுவில் நின்று மலாயில் கேட்டவர் ஒரு மிஸ்ஸி. இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம்.

டாக்டர் விரல் நுனியால் அழுத்திப் பார்த்தார், அக்குளில் தேடினார், கையைத் தூக்கச் சொன்னார். பிறகு கேள்விகள் வந்தன. மிஸ்ஸி பழக்கப்படி மாமியைப் பார்த்தே, மலாயில் அத்தை முறை வைத்து மாச்சிக் என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

"எப்பவாச்சும் அடிபட்டுச்சா, மாச்சிக்?"

"அடியும் இல்ல, விழவும் இல்ல."

"இந்த எடத்துல ஏதாச்சும் வைத்தியம்? ஊசி?"

"சின்னப் புள்ளையில கட்டி வந்து கீறினாங்களாம். அப்புறம் ஒண்ணும் இல்ல. இவ ஊசின்னா பயப்படுவா."

நான் ஊசிக்குப் பயந்தவள் இல்லை என்று என் மார்புக்கே தெரியும். வாயைத் திறந்தேன், மூடினேன். மாமி சொல்லிவிட்டார். மிஸ்ஸி இங்கிலீஷில் சொல்லிவிட்டாள். டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அன்றைக்கே படுக்கச் சொன்னார்கள். ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். நோய் நுரையீரலுக்குப் போயிருக்கிறதா என்று பார்ப்பதற்காம். கட்டிக்குள் தடித்த ஊசியை விட்டு இழுத்துப் பார்த்தார்கள். சீழோ பாலோ இருந்தால் ஊசிக்குழாயில் வரும். ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராதது நல்லது என்று நான் நினைத்தேன், ஆனால் டாக்டரின் முகம் அப்படிச் சொல்லவில்லை. வெளி வராந்தாவில் மாணிக்கத்தை நிறுத்தி வைத்துப் பேசினார்கள். திரும்பி வந்தவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னாவாம்?" என்று கேட்டேன்.

"கேன்சரா இருக்கும்னு சந்தேகப்படுறாங்க. தொறந்து பாப்பாங்களாம். பாத்தா கெட்டதா தெரிஞ்சா..." என்று நிறுத்தினார். "முழுசா எடுத்துருவாங்களாம். அக்குள் வரைக்கும்."

அப்போது எனக்கு வந்தது சாவுபயம் மட்டும் இல்லை. அதுவும் வந்தது, குழந்தையை யார் வளர்ப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் அதோடு சேர்ந்து, மறுபடியும் பஞ்சா என்ற நினைப்பும் வந்தது. உயிர் போகிற நேரத்தில் இது ஒரு கவலையா என்று கேட்பீர்கள். ஆமாம், கவலைதான். பக்கத்துக் கட்டிலில் ஒரு நோன்யா இருந்தார், பல தலைமுறையாக இங்கேயே இருக்கும் சீனப் பெண்களை அப்படித்தான் சொல்வோம். அவருக்கு ஒரு பக்கம் முழுக்க எடுத்துவிட்டிருந்தார்கள். கெபாயாவுக்குள் கைக்குட்டையை மடித்து வைத்து, சரியாக இருக்கிறதா என்று என்னைக் கேட்பார். பஞ்சை எப்படித் தைத்தால் நகராது என்று அவருக்கு நான் பாடமே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. சரியாக இருக்கிறது என்றேன்.

வார்டுக்குள் குழந்தையை விடமாட்டார்கள். மாணிக்கம் சாயங்காலம் கடையிலிருந்து ஓடி வந்து, வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, ஜன்னலுக்குக் கீழே புல்தரையில் நிற்பார். டின் பாலுக்குப் பழகிக் குழந்தை என்னைப் பார்த்து முழிக்கும். இடது பக்கம் பால் கட்டி எனக்கு ஜன்னி மாதிரி இருக்கும். பிழிந்து கழுவும் தொட்டியில் ஊற்றுவேன். ஒரு நாள் மாணிக்கம் பெண்டஹாராத் தெருவில் மல்லிகைச்சரம் வாங்கிக்கொண்டு மேலே வந்தார். எனக்குப் பூ பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். பாவம், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மாமி பாய்ந்து தடுத்தார். "மல்லிகையைக் கட்டினா பால் வத்திடும்! இருக்கற ஒரு பக்கத்தையும் காயப்போட வந்தியா?" மனிதர் பூவைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு நின்றார். அத்தனை நாளில் நான் சிரித்தது அப்போதுதான். மூன்றாம் வகுப்பு வார்டில் பில் ஒன்றும் பெரிதாக இல்லை. டின் பாலும் பெச்சாக் கூலியும்தான் அவர் கையைக் கடித்தன. அதை அவர் எனக்குச் சொல்லவே இல்லை, மாமி சொல்லித்தான் தெரியும்.

படுத்துக்கொண்டு யோசித்தேன். சொல்லாவிட்டால் மார்பு போகும். சொன்னால் என்ன போகும்? என் மானம், மாமியார் வீட்டில் என் மரியாதை, ஒருவேளை என் புருஷன். சொன்னதனால் மார்பு தங்கும் என்றும் உறுதி இல்லை. ஊசியும் போட்டு கேன்சரும் வந்திருக்கலாமே. ஆனால் டாக்டர் ஒன்று தெரியாமல் கத்தி எடுக்கப்போகிறார், அந்த ஒன்று தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். மேல்மாடிக்காரி இப்போது எங்கே இருக்கிறாளோ. இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்ட பிறகு தூக்கம் வரவில்லை.

ஆபரேஷனுக்கு முந்திய நாள், பார்வை நேரத்தில் டாக்டர் வந்தார். மாணிக்கம் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். மாமியும் சாப்பாட்டுக் கேரியரோடு நின்றிருந்தார். டாக்டர் ஏதோ சொல்ல, மிஸ்ஸி மாமியிடம் திரும்பினாள்.

"வேற எதாச்சும் சொல்லணுமா, மாச்சிக்? பழைய சீக்கு, பழைய மருந்து?"

"ஒண்ணும் இல்லன்னு அன்னிக்கே சொன்னேனே."

"இருக்கு," என்றேன்.

மாமி பேசும்போது ஊடே நான் பேசியது அதுதான் முதல் தடவை. எல்லாரும் திரும்பினார்கள்.

"ஊசி போட்டிருக்கேன், மிஸ்ஸி. இதே மார்புல. கல்யாணத்துக்கு முன்னாடி, சிங்கப்பூர்ல. பெருசாக்கறதுக்கு."

மிஸ்ஸி அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. உண்மையா என்பதுபோல் மாமியைப் பார்த்தாள். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ.

"அவங்கள ஏன் பாக்குறீங்க? அவங்களுக்குத் தெரியாது. நெஞ்சு என்னோடது, நான் சொல்றேன். டாக்டர்கிட்ட சொல்லுங்க."

சொன்னாள். மாணிக்கம் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டாக்டர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அதுவரை அவர் என் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. என்ன மருந்து, என்ன நிறம், எத்தனை தடவை, போட்டதும் காய்ச்சல் வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். என்ன மருந்து என்பது போட்டவளுக்கே தெரிந்திருக்காது என்றார். எண்ணெயாக இருக்கலாம், மெழுகாக இருக்கலாம், சிலிக்கோன் என்ற புதுப் பொருளாக இருக்கலாம், எல்லாம் கலந்தும் இருக்கலாம்.

பிறகு அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன், ஏனென்றால் என்னைக் கேட்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். மார்பு என்பது ஒரே சதை இல்லை. உள்ளே பால் சுரக்கும் சின்னச் சின்னப் பைகள், அவற்றிலிருந்து காம்புக்கு வரும் குழாய்கள், சுற்றிலும் கொழுப்பு, எல்லாவற்றுக்கும் பின்னால் நெஞ்சுத்தசை. பெண் குழந்தை பிறக்கும்போதே காம்புக்கடியில் ஒரு மொட்டு இருக்கும். கட்டியைக் கீறியபோது எனக்கு அது போய்விட்டது. அந்தப் பக்கம் பால் வராததற்கு ஊசி காரணம் இல்லை. ஆனால் ஊசியில் போன மருந்துக்கு உறை கிடையாது. அது சதைக்குள் இஷ்டத்துக்குப் பரவும், அக்குள் நெறிவரைக்கும் போகும். உடம்பு அதைச் சும்மா விடாது, துளித்துளியாகப் பிடித்துச் சுற்றித் தடித்த தோல் கட்டும். அதுதான் கட்டி. தோலை உள்ளே இழுத்துக் குழி விழச் செய்வதும் அதுதான். கையால் தொட்டால் இதற்கும் கேன்சருக்கும் வித்தியாசம் தெரியாதாம். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா வேற மாதிரி யோசிச்சிருப்பேன்றாரு," என்றாள் மிஸ்ஸி, இந்தத் தடவை என்னைப் பார்த்து.

மறுநாள் ஆபரேஷன் இல்லை. கட்டியில் ஒரு சின்னத் துண்டு மட்டும் வெட்டி எடுத்து, கோலாலம்பூருக்கு அனுப்பி, பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள். பதில் வந்த பிறகுதான் மற்றது.

நான் நிமிர்ந்து பார்த்தபோது மாமி இல்லை. கொண்டுவந்த சோற்றை இறக்காமல் கேரியரோடே போய்விட்டார்.

மறுநாள் மாணிக்கம் மட்டும் வந்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

"என்னான்னு கேக்கறது? பொண்டாட்டிகிட்ட போயி அத எப்படிக் கேக்க முடியும்?"

"அப்ப நான் மட்டும் எப்படிச் சொல்ல முடியும்?"

போர்வை முனையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "பொண்ணு பாக்க வந்தப்ப நான் மொகத்தத்தான் பாத்தேன், சரசு," என்றார். இது முழு உண்மை இல்லை. கண்ணாலேயே அளவெடுக்கிற புடவைக்கடைக்காரர் அவர். ஆனாலும் அந்த நேரத்தில் புருஷன் சொல்ல வேண்டிய பொய் அதுதான். கிளம்பும்போது, "கோவம் இருக்கு லா, இல்லன்னு சொல்லல. அத வீட்ல வெச்சுப் பேசிக்கலாம். மொதல்ல வீட்டுக்கு வா," என்றார். அழக்கூடாது என்று வைத்திருந்தேன், முடியவில்லை.

மாமி வரவில்லை. ஆனால் சாப்பாடு வந்தது. விரால் மீனை இங்கே ஹாருவான் என்பார்கள். வெட்டுக்காயம் ஆறுவதற்கு அதைவிட நல்லது கிடையாது என்பது எங்கள் தெருவின் தீர்ப்பு. துண்டு வெட்டிய நாளிலிருந்து தினமும் மிளகு போட்ட ஹாருவான் ரசம் வந்தது. என்னைத் திட்டிக்கொண்டே மீனைத் தேய்த்திருப்பார் என்று நினைத்துக் குடித்தேன். ருசியாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு நாள் கேரியரைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"கல்லு வெச்சப்ப வலிச்சுதா?"

"வலிச்சுது, மாமி."

"எவ்வளவு?"

"பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? நான் என்ன பேயா? எடுங்கன்னா எடுத்திருக்க மாட்டேனா?"

"நீங்கதான் நல்லாயிடும், நல்லாயிடும்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க."

மாமி அழுது நான் பார்த்ததில்லை. கெபாயா முனையால் மூக்கைத் துடைத்தார். "நீ எத போட்டுக்கிட்டா எனக்கென்ன? மூக்குத்தி போடலயா, பல்லுக்குத் தங்கம் கட்டலயா? என் கையாலயே உன்னச் சுட வெச்சிட்டியே. அதத்தான் என்னால தாங்க முடியல."

நான் அத்தனை நாளாகப் பயந்தது என்னவெல்லாமோ. இவர் மனசில் இருந்தது கல்லும் சூடும். சூடுதான் கெடுத்ததா என்று பிறகு டாக்டரிடம் கேட்டேன். மருந்து எப்படியும் ஒரு நாள் கெடுத்திருக்கும், சூடும் பிசைந்ததும் அவசரப்படுத்தியிருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். மாமியிடம் நான் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

கோலாலம்பூரிலிருந்து பதில் வந்தது. கேன்சர் இல்லை. மிஸ்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மாணிக்கம் வராந்தாவுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். நோன்யா கட்டிலில் இருந்தபடியே கைகூப்பினார். அவருக்குக் கிடைக்காத பதில் எனக்குக் கிடைத்துவிட்டதே என்று எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

ஆபரேஷன் நடந்தது. மார்பை முழுக்க எடுக்கவில்லை, அக்குளைத் தொடவில்லை. கெட்டியானதை மட்டும் தேடித் தேடி எடுத்தார்கள். தோலும் காம்பும் தங்கின. எல்லா மருந்தையும் எடுத்துவிட முடியாது, மிச்சம் இருக்கும், அவ்வப்போது வந்து காட்டு என்றார் டாக்டர். கட்டுப் பிரித்த அன்று குனிந்து பார்த்தேன். ஊசி போடுவதற்கு முன்பு இருந்ததைவிடத் தட்டையாக இருந்தது, மேடும் பள்ளமுமாக. தழும்பு ஒன்று இருந்த இடத்தில் இப்போது நீளமாக இன்னொன்று.

வந்தவர்கள் எல்லாரும், உயிர் பிழைத்தாயே அது போதும் என்றார்கள். உண்மைதான். குழந்தை இடது பக்கம் மறுபடியும் குடிக்கப் பழகியது, அதைப் பார்க்கும்போது எனக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம் போல் இருக்கும். ஆனால் குளிக்கும்போது அப்படி இல்லை. குளிக்கும்போது துக்கமாகவே இருந்தது. நான்கு வருஷம் என்னோடு இருந்த ஒன்று போய்விட்டது. அது பொய்யானது, மருந்தால் ஆனது, ஆனாலும் என்னுடையது. அதற்காக அழ எனக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை. தெருவிலோ, மாமி சொல்லிவைத்தபடி, எனக்கு வந்தது வெறும் பால் கட்டி.

காயம் ஆறிய பிறகு காட்டப் போனோம். மூன்று பேரும் போனோம், குழந்தை மாமி இடுப்பில். டாக்டர் பார்த்துவிட்டு, திருப்தி என்றார். எழுந்திருக்கப் போனபோது மாமி நகரவில்லை.

"மிஸ்ஸி, கேளு அவர. பல்லு போனா பொய்ப்பல்லு வெக்கறாங்க. கண்ணு போனாகூட கண்ணாடிக் கண்ணு வெக்கறாங்களாம். இதுக்கு ஒண்ணும் கெடையாதா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. மாணிக்கம் சுவரில் இருந்த படத்தைப் படிக்க ஆரம்பித்தார். மிஸ்ஸி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை.

இருக்கிறது என்றார். அமெரிக்காவில் தொடங்கியிருக்கிறார்களாம். மருந்தைச் சதைக்குள் அப்படியே விடாமல், சிலிக்கோனால் செய்த ஒரு பையில் அடைத்து, மார்புக்குக் கீழே கீறி, சதைக்குப் பின்னால், நெஞ்சுத்தசைக்கு முன்னால் வைத்துத் தைப்பார்கள். பை என்பதால் பரவாது. பால்பைகள் முன்னாலேயே இருந்துவிடும். ஆனால் அந்தப் பையைச் சுற்றியும் உடம்பு தோல் கட்டும். அது இறுகினால் மார்பு கல்லாகிவிடும், வலிக்கும். பை கிழியலாம். மறுபடி திறக்க வேண்டி வரலாம். இருபது முப்பது வருஷம் கழித்து என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் அத்தனை வருஷம் வைத்திருந்ததில்லை. என்னைப் போல் ஏற்கெனவே மருந்து ஊறிய இடத்தில் வைப்பது இன்னும் சிரமம். அவர் அதைப் புத்தகத்தில் படித்திருக்கிறார், செய்ததில்லை. செய்கிறவர் பக்கத்தில் எங்கும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் மிஸ்ஸி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எனக்கு ஊசி போட்டவள் இதில் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.

"இவ்வளவு இருக்கு. இன்னமும் வேணுமான்னு கேக்குறாரு," என்று மாமியைப் பார்த்தாள் மிஸ்ஸி.

மாமி வாயைத் திறந்தார். பிறகு குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "எங்கிட்ட ஏன் கேக்குற? அவளக் கேளு," என்றார்.

டாக்டர் நேராக என்னைப் பார்த்து, தனக்குத் தெரிந்த பாதி மலாயில், தானே சொன்னார். உயிர் பிழைத்துவிட்டாய், நல்ல புருஷன் இருக்கிறார், மகள் இருக்கிறாள், நல்ல மாமியார் இருக்கிறார், இனி இது எதற்கு?

"அதெல்லாம் இருக்கு, டாக்டர்," என்றேன். "இதுவும் வேணும்."

அவர் என் சீட்டை இழுத்து அதில் ஒரு வரி எழுதினார். பிறகு, விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.